தம்பி, செட் பழுதாப் போச்சோ?

வாசகர் கேள்வி – பதில்: இசைப் பகுதி

கேள்வி: வயது 26. ஆறு ஆண்டுகளாகத் திருமண வரவேற்புகளிலும் பூப்புனித நீராட்டு விழாக்களிலும் டீஜேயாகப் பாட்டுப் போட்டு வருகிறேன். பிழைப்பு அதில், மனம் டெக்னோ என்னும் மின்னணு நடன இசையில். இரவில் வீட்டிலிருந்து, பல இசைகளை இடைவெளியின்றி இணைத்து ஒரு மணி நேர மிக்ஸ்கள் செய்து இணையத்தில் ஏற்றுகிறேன். கேட்பவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அவர்களிலும் பாதிப் பேர் வெளிநாட்டவர். சென்ற மாதம் காலி வீதி மண்டபம் ஒன்றில் விருந்தினர் சாப்பிட்டுக்கொண்டிருந்த வேளையில் எனக்குப் பிடித்த ஒரு டெக்னோ இசையை ஓடவிட்டேன். நான்கு நிமிடம் ஆவதற்குள் மணமகளின் மாமா ஒருவர் வந்து, "தம்பி, செட் பழுதாப் போச்சோ? ஒரே இடத்திலயே நிக்குது" என்று உண்மையான அக்கறையோடு கேட்டார். நம்மவர்களுக்கு இந்த இசை ஒருபோதும் பிடிபடாதா? சினிமாப் பாட்டை டெக்னோத் தாளத்தில் கலந்து கொடுத்தாலாவது வழி பிறக்குமா? கடைசியாகச் செய்த மிக்ஸை இத்துடன் அனுப்பியிருக்கிறேன்.
– பெயர் வேண்டாம், வெள்ளவத்தை

பதில்: மிக்ஸை இரண்டு முறை கேட்டேன். அதற்குப் பிறகு வருகிறேன்; முதலில் அந்த மாமா. பல்லவி முடிந்தால் இடையிசை, அது முடிந்தால் சரணம், எப்படியும் யாராவது பாடுவார்கள் என்று பழகிய காதுக்கு, டெக்னோ கீறல் விழுந்த தட்டைப் போலத்தான் படும். பதினாறு சுற்றுக்கு ஒருமுறை ஒரு சிறு தாள ஒலி வந்து சேர்வதும், அடியில் மங்கலாகக் கிடந்த ஒரு சுரம் இரண்டு நிமிடம் எடுத்துக்கொண்டு துலங்கி வருவதுமே அந்த இசையில் நடக்கும் சம்பவங்கள் என்பது அவருக்கு யாரும் சொல்லாத செய்தி. அதற்காகச் சொல்லில்லாத இசை நம்மவருக்கு ஆகாது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அதே மனிதர் கோயில் திருவிழாவில் மேளக்கச்சேரிக்கு முன்னால் நள்ளிரவு வரை அமர்ந்திருந்து, தவில்காரர் தீர்மானம் என்னும் முடிப்புக் கோவையை வைத்துத் தாளம் தொடங்கும் சமத்தில் வந்து விழும் இடத்தில் தலையசைப்பவராக இருக்கக்கூடும். அங்கே எதற்காகக் காத்திருக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். டெக்னோவில் மாற்றங்கள் வந்து விழும் உங்கள் 32 அடிக் கணக்கை ஆதி தாளத்தில் நான்கு ஆவர்த்தனம், அதாவது எட்டெட்டாக நான்கு சுற்று, என்று அவரிடம் சொல்லிப் பாருங்கள். விரல் தானாக எண்ணத் தொடங்கும்.

இன்னொரு காரணமும் உண்டு, அது மிகச் சாதாரணமானது. மண்டபத்துச் சவுண்ட் செட் பேச்சுக்கும் பாட்டுக்குரலுக்கும் என்று அமைக்கப்படுவது. டெக்னோவின் உயிர் 60 ஹேர்ட்ஸ் அளவிலும் அதற்குக் கீழும் உள்ள தாழ்ந்த ஒலிகளில் இருக்கிறது. தாழ்ந்த ஒலிக்கென்றே தனியாக ஒரு சப் ஸ்பீக்கர் இல்லாத இடத்தில் அந்தப் பகுதி பெரும்பாலும் காணாமல் போய், மேலே உள்ள டிக் டிக் மட்டுமே மிஞ்சும். மாமா கேட்டது பாதி இசையைத்தான். வட்ஸ்அப்பில் இணைப்பு அனுப்பி, நண்பர்கள் அதைத் தொலைபேசியின் சிறு ஸ்பீக்கரில் கேட்டுவிட்டு "நல்லா இருக்கு" என்று இரண்டு சொல்லோடு நிறுத்திக்கொள்வதற்கும் இதுவே காரணமாக இருக்கலாம். ஹெட்போனில் கேளுங்கள் என்று ஒரு வரி சேர்த்து அனுப்புங்கள்.

இனி உங்கள் மிக்ஸ். இசைத் தெரிவு அருமை, அதில் எனக்குக் குறையே இல்லை. ஆனால் 60 நிமிடத்தில் 20 இசைகள் வருகின்றன, அதாவது ஒன்றுக்கு மூன்று நிமிடம். டெக்னோ இசை பொதுவாக ஆறு, ஏழு நிமிடம் ஓடும். அதன் முதல் நிமிடத்தையும் கடைசி நிமிடத்தையும் வெறும் தாளமாக விட்டுவைத்திருப்பதே டீஜே நிதானமாக அடுத்ததைச் சேர்ப்பதற்காகத்தான். நீங்களோ வரவேற்பு மண்டபத்தில் நடனக் கூட்டம் கலைந்துவிடுமோ என்று பயந்து பாட்டு மாற்றும் அதே கையால் இதையும் மாற்றுகிறீர்கள். 23ஆம் நிமிடத்தில் வருவது ஓர் எடுத்துக்காட்டு: உள்ளே வரும் இசையின் பேஸ் என்னும் அடியொலியையும் வெளியேறும் இசையின் பேஸையும் சேர்த்தே அரை நிமிடம் ஓடவிட்டிருக்கிறீர்கள், ஒலி சேறாகிவிட்டது. பழையதன் பேஸை முழுவதும் இறக்கிவிட்டு, 32 அடி முடியும் இடத்தில் புதியதன் பேஸைத் திறந்திருந்தால் அதுவே அந்த மிக்ஸின் உச்சமாகியிருக்கும். பொறுமை இல்லை என்று மாமாவைச் சொல்கிறோம். நீங்கள் விரும்பும் இசையை நீங்களே ஆறு நிமிடம் நம்பி ஓடவிடவில்லையே, தம்பி. அடுத்த மிக்ஸை ஒன்பது அல்லது பத்து இசைகளோடு செய்து பாருங்கள்.

சினிமாப் பாட்டைக் கலப்பது வேண்டாம் என்பேன். பைலாவும் நமது குத்துப்பாட்டுகளில் பலவும் ஆறு எட்டுத் தாளத்தில் துள்ளுபவை; டெக்னோவின் அடியோ நான்கும் சமமாக விழுவது. ஒன்றை மற்றொன்றின் மேல் இழுத்து ஒட்டினால் துள்ளலும் போய்விடும், ஓட்டமும் போய்விடும். மேலும், மற்றவர் பாட்டை வெட்டி ஒட்டி வெளியிட உரிமை பெற வேண்டும். திருமண மண்டபத்தில் குத்துப்பாட்டை மனமாரப் போடுங்கள். அங்கே உங்களை அழைத்தது அதற்குத்தான்.

இந்த இசை பிறந்த ஊரிலேயே முதல் பந்தியில் இடம் பெறவில்லை. 1980களில் அமெரிக்காவின் டெட்ரொயிட் நகரில் இதை உருவாக்கியவர்களில் முக்கியமானவர்களான ஹுவான் அட்கின்ஸ், டெரிக் மே, கெவின் சாண்டர்சன் ஆகிய பள்ளித்தோழர் மூவருக்கும் பெருங்கூட்டம் சேர்ந்தது கடல் கடந்துதான். டெக்னோ என்னும் பெயர் பரவியதும் 1988இல் லண்டனில் வெளியான ஒரு தொகுப்பின் மூலம். பேர்லினில் மதில் விழுந்த பின் 1991இல் பழைய பல்பொருள் அங்காடியொன்றின் நிலவறைப் பெட்டகத்தில் திரேசர் என்னும் டெக்னோ நடன விடுதி திறந்தது. பேர்லின் டெக்னோவை ஜேர்மனி தன் அருவப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது 2024இல். பம்பாய்ச் சினிமா இசைக்கலைஞர் சரண்ஜித் சிங் 1982இல், டெக்னோவிலும் ஒலிக்கும் ரோலண்ட் டிஆர்-808 தாளக் கருவி, டிபி-303 பேஸ் கருவி ஆகியவற்றின் துணையோடு பத்து இராகங்களை வாசித்துப் பதிவுசெய்த இசைத்தட்டை அன்று அநேகமாக யாரும் கவனிக்கவில்லை. 2010இல் அது மறுவெளியீடு கண்ட பிறகே, எழுபது வயதைக் கடந்த நிலையில், ஐரோப்பிய மேடைகள் அவரை அழைத்தன. (28 ஆண்டு காத்திருங்கள் என்று நான் யாருக்கும் அறிவுரை சொல்லமாட்டேன்.)

கொழும்பும் வெறும் பாலை அல்ல. புறக்கோட்டையில் பெட்டா இன்டர்சேஞ்ச் என்னும் பெயரில் மின்னணு இசை விழா நடந்திருக்கிறது. ஜம்புடெக் என்னும் உள்ளூர் வெளியீட்டகமும் உண்டு. ஆனால் பெரிய விழாவை எதிர்பார்த்து இருக்க வேண்டாம். சிறிய அறை ஒன்று, இரவல் சப் ஸ்பீக்கர் ஒன்று, இருபது பேர் போதும். போயா நாளைத் தவிர்த்து, மாதந்தோறும் ஒரே வாரத்து ஞாயிற்றுக்கிழமையைப் பிடித்துக்கொள்ளுங்கள். 2007ஆம் ஆண்டு உயர் நீதிமன்றத் தீர்ப்பு ஒலிபெருக்கிக்கு இரவு 10 மணிக்கு மேல் கட்டுப்பாடு விதித்ததிலிருந்து அயலவரும் பொலிஸாரும் மணிக்கூட்டைப் பார்த்தபடிதான் இருக்கிறார்கள். ஆகவே பிற்பகல் நான்கு மணிக்குத் தொடங்கி ஏழு மணிக்கு முடியுங்கள். மூன்று மணி நேரம் நீங்கள் ஒருவரே வாசியுங்கள்.

கேள்வி: இப்போது கணினியே இரண்டு இசைகளின் வேகத்தையும் பொருத்திவிடுகிறதே, பிறகு டீஜேக்கு என்ன வேலை?
– வாசகர், தெஹிவளை

பதில்: வேகத்தைப் பொருத்தும் வேலை குறைந்தது உண்மை. ஒன்று நிமிடத்துக்கு 128 அடியும் மற்றொன்று 128.5 அடியும் ஓடினால் ஒரு நிமிடத்தில் அரை அடி விலகிவிடும். அந்த விலகலை முன்பு காதால் பிடித்துத் தட்டை விரலால் தள்ளிச் சரிசெய்தார்கள், இன்று ஒரு பொத்தான் செய்கிறது. எந்த இசைக்குப் பின் எதை, எந்த அடியில், எவ்வளவு நேரம் சேர்த்து ஓடவிடுவது என்பதைப் பொத்தான் சொல்லாது. மேலே உள்ள தம்பியின் 23ஆம் நிமிடத்தில் வேகம் துல்லியமாகத்தான் பொருந்தியிருந்தது.

கேள்வி: என் மகன் விடிய விடிய ஹெட்போனை மாட்டிக்கொண்டு இந்த டங் டங் இசையைக் கலக்கிக்கொண்டிருக்கிறான். காது கெட்டுப்போகாதா?
– ஒரு தாய், கொட்டாஞ்சேனை

பதில்: அம்மா, டங் டங் என்பதால் கெடாது, சத்தத்தின் அளவால் கெடும். 85 டெசிபல் என்றால் நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் வரை என்பது பரவலாகக் கொள்ளப்படும் எல்லை. அதற்கு மேல் ஒவ்வொரு மூன்று டெசிபலுக்கும் நேரத்தைப் பாதியாகக் குறைக்க வேண்டும். அந்தக் கணக்கில் 100 டெசிபலுக்குக் கிடைப்பது 15 நிமிடம் மட்டுமே. காதை முழுவதும் மூடும் ஹெட்போனாக இருந்தால் வெளிச்சத்தத்தை வெல்ல ஒலியைக் கூட்டவேண்டி வராது. அவர் ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைக்கும்போது அறை வாசலில் நிற்கும் உங்களுக்கு இசை தெளிவாகக் கேட்டால், அது அதிகம். மறுநாள் காலையிலும் காதுக்குள் இரைச்சல் இருப்பதாகச் சொன்னால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.