அல்பாக்கா ஒன்றை மட்டும் வாங்கி வளர்க்கலாமா? முகத்தில் துப்பும் என்கிறார்களே, உண்மையா?

வளர்க்கலாம். ஆனால் 'ஒன்று மட்டும்' என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். நான் அல்பாக்காக்களோடு, அதே ஒட்டகக் குடும்பத்தைச் சேர்ந்த, உருவில் பெரிய லாமா ஒன்றையும் (காயடித்தது) வைத்திருக்கிறேன். இரண்டுமே மந்தை விலங்குகள். துணை இல்லாவிட்டால் மிரண்டுபோய், தீனியைக் குறைத்து, மெலிந்துவிடும். குறைந்தது 3 வாங்குங்கள். ஒன்று இறந்தாலும் மற்ற இரண்டும் ஒன்றுக்கொன்று துணையாக இருக்கும்.

துப்புவது உண்மைதான், ஆனால் பெரும்பாலும் தங்களுக்குள்தான். தீனித்தொட்டியில் ஒன்று மற்றொன்றின் பங்கில் வாய் வைத்தால் போதும். காது பின்னால் மடியும், முகவாய் மேலே தூக்கும். அப்போது நடுவில் நிற்காதீர்கள். சும்மா மிரட்டினால் வெறும் காற்றும் எச்சிலும். நிஜமான கோபத்தில் வருவது வயிற்றிலிருந்து எழும்பும் பச்சைக் கூழ், நாற்றம் லேசில் போகாது. துப்பியதற்கே அந்தக் கசப்பு தாங்காது, கீழுதடு தொங்க, வாயைத் திறந்துகொண்டு கொஞ்ச நேரம் நிற்கும். அதைப் பார்த்தால் கோபம் போய்ச் சிரிப்பு வந்துவிடும். வளர்ப்பவர்களுக்கு இதில் ஒரு பயனும் உண்டு: கடாவை அருகே விட்டதும் பெட்டை துப்பி விரட்டினால், அநேகமாகச் சினை பிடித்திருக்கிறது என்று கணக்கு. சினைக்காலம் சுமார் 11½ மாதம், ஈனுவது பெரும்பாலும் பகலில்.

துப்பலைவிட நீங்கள் அஞ்ச வேண்டியது பாட்டில் பால் குடித்து, மனிதர் மடியிலேயே வளர்ந்த கடாக்குட்டியை. பின்னாலேயே ஓடிவரும், மேலே ஏறி விளையாடும், எல்லோரும் கொஞ்சுவார்கள். பருவம் வந்ததும் அது உங்களையும் போட்டிக் கடாவாகவே நினைக்கும். மார்பால் இடித்துத் தள்ளும், கடிக்கும். ஒரு லாமா 150 கிலோவுக்கு மேல் நிற்கும், விளையாட்டல்ல. தாய் இல்லாத குட்டிக்குப் பால் புகட்டத்தான் வேண்டும். புகட்டிய கையோடு மந்தையில் விட்டுவிடுங்கள்.

பராமரிப்பு பெரிய கஷ்டமில்லை. புல், உலர்புல், நிழல், சுத்தமான தண்ணீர். புழுக்கையை எல்லாம் ஒரே இடத்தில் போடுவதால் அள்ளுவது சுலபம். நகம் வளர வளர வெட்டிவிட வேண்டும். ஆண்டுக்கு ஒரு முறை, வெயில் ஏறுவதற்கு முன் ரோமம் கத்தரிக்க வேண்டும். வெக்கையில் தவித்தால் வயிற்றிலும் காலிலும் தண்ணீர் அடியுங்கள். முதுகில் அடித்தால் நனைந்த ரோமம் சூட்டை உள்ளேயே பிடித்து வைத்துக்கொள்ளும்.

கண்ணை மட்டும் நம்பாதீர்கள். ரோமத்துக்குள் எலும்பும் தோலுமாக இருந்தாலும் வெளியே கொழுகொழுவென்றுதான் தெரியும். அடிக்கடி முதுகெலும்பின் இரு பக்கமும் விரலை அழுத்திப் பாருங்கள். நோயையும் கடைசிவரை காட்டிக்கொள்ளாது. மந்தையை விட்டு ஒன்று தள்ளிப் படுத்திருந்தாலே எனக்குச் சந்தேகம் வந்துவிடும்.

கட்டிப்பிடித்துக் கொஞ்சத்தான் ஆசை என்றால் நாய் வாங்குங்கள். தலையைத் தொடுவதையே பெரும்பாலானவை விரும்பாது. இவற்றின் சுகம் வேலியோரம் உட்கார்ந்து பார்ப்பதில்: பொழுது சாயும்போது குட்டிகள் நான்கு காலையும் ஒன்றாகத் தூக்கித் துள்ளி ஓடும், பெரியவை 'ம்ம்ம்' என்று முனகும். அவசரப்படாமல் இருந்தால் ஒன்றிரண்டு தானாக வந்து உங்கள் மூச்சை மோந்து பார்க்கும்.

வாங்கும் முன் இவற்றுக்கு வைத்தியம் பார்த்துப் பழகிய கால்நடை மருத்துவர் கிடைப்பாரா என்று பாருங்கள். கடா வாங்குவதானால், அது எப்படி வளர்ந்தது என்று விற்பவரிடம் கேட்காமல் பணம் கொடுக்காதீர்கள்.