வாசகர் கேள்வி–பதில்: ரியோ கிராண்ட் மலைப்பாதை டீசல் என்ஜின்களுக்கு வண்ணம் அடிப்பது

எச்ஓ அளவில் (1:87) ரியோ கிராண்ட் ரயில்பாதையின் எஃப்9 டீசல் என்ஜின் மாதிரி ஒன்றுக்கு வண்ணம் அடிக்கப் போகிறேன். சில படங்களில் பக்கவாட்டில் நான்கு கறுப்புக் கோடு, சிலவற்றில் ஒன்றுதான். எது சரி? – கோவை வாசகர்

இரண்டும் சரி, காலம்தான் வேறு. டென்வர் அண்ட் ரியோ கிராண்ட் வெஸ்டர்ன், சுருக்கமாக ரியோ கிராண்ட், அமெரிக்காவில் கொலராடோவின் ராக்கி மலைகளைக் கடந்து யூட்டாவுக்குப் போன ரயில்பாதை. 1949 மார்ச்சில் தொடங்கிய கலிபோர்னியா செஃபிர் பயணிகள் ரயிலை மலைமேல் இழுத்த அதன் என்ஜின்களில் தங்க மஞ்சளும் வெள்ளியும் இருந்தன. அவற்றோடு மெல்லிய நான்கு கறுப்புக் கோடுகள். பிற்பாடு கோடு ஒன்றாகச் சுருங்கியது. 1983 ஏப்ரலில் நின்றுபோன, அதன் வாரிசு ரயிலான ரியோ கிராண்ட் செஃபிரை இழுத்த 5771 எண் என்ஜின் ஒற்றைக் கோட்டு வகை. கொலராடோவில் கோல்டன் ஊர் ரயில் அருங்காட்சியகத்தில் அதை இன்றும் பார்க்கலாம்.

ஆகவே முதலில் ஆண்டை முடிவு செய்யுங்கள், பெயின்ட் வாங்குவது அப்புறம். பின்னால் கோக்கும் பெட்டிகளும் அதே ஆண்டுக்குரியவையாக இருக்க வேண்டும்.

தங்க மஞ்சள் அடித்தால் அழுக்குப் பச்சையாகத் தெரிகிறது. வெள்ளிக்கு மேல் ஒட்டிய டேப்பை எடுத்தால் வெள்ளியும் சேர்ந்து உரிகிறது. – திருச்சி வாசகர்

இரண்டுக்கும் காரணம் வரிசைதான். மஞ்சள் அடியில் இருப்பதை மறைக்காது. கறுப்பு பிளாஸ்டிக்கின் மீதோ வெள்ளியின் மீதோ நேராக அடித்தால் பச்சை சாயல் வந்தே தீரும். வெள்ளி பெயின்டில் இருப்பவை உலோகச் செதில்கள். அவற்றின் பிடிப்பு குறைவு, டேப் இழுத்துக்கொண்டு வந்துவிடும்.

உடற்கூட்டைப் பாத்திரம் கழுவும் சோப்பு நீரில் கழுவி உலரவிட்டு, சாம்பல் பிரைமர் (அடிப்பூச்சு), அதன்மேல் மெல்லிய வெள்ளை. பிறகு தங்க மஞ்சளை மூன்று மெல்லிய பூச்சாக அடியுங்கள். 0.3 மி.மீ. முனை கொண்ட ஏர்பிரஷுக்கு 15 முதல் 20 பிஎஸ்ஐ அழுத்தம் போதும். ஒரே தடவையில் மூடிவிட நினைத்தால் பெயின்ட் வழிந்து, ரிவெட்டுகளும் கதவு விளிம்புகளும் அமுங்கிப்போகும்.

ஒரு முழு நாள் காயவிட்ட பிறகே, மஞ்சளாக இருக்க வேண்டிய பகுதியை மூடி டேப். டேப்பின் ஓரத்தில் முதலில் அதே மஞ்சளை மிக லேசாக ஒரு தடவை தெளித்துவிடுங்கள். கசிவதாக இருந்தால் மஞ்சள்தான் கசியும், கண்ணுக்குத் தெரியாது. அதன்மேல் அடிப்பாகத்துக்கு வெள்ளி. இந்த வரிசையில் டேப் மஞ்சளில் மட்டுமே படும், வெள்ளியைத் தொடாது. அடித்தது முழுக்க இறுகும் முன்பே டேப்பை மடக்கி, தாழ்வான கோணத்தில் மெதுவாக இழுங்கள்.

கறுப்புக் கோடுகளை டீக்காலில் (நீரில் நனைத்து ஒட்டும் மெல்லிய அச்சுப் படலம்) போடுவதே நல்லது. நான்கு கோடு என்றால் அதைத் தவிர வேறு வழியை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். இடைவெளி ஒரு மயிரிழை மாறினாலும் கண் கண்டுபிடித்துவிடும். டீக்காலுக்கு முன் பளபளப்பான கிளாஸ் பூச்சு அவசியம். சொரசொரப்பான பரப்பில் காற்று சிக்கி, ஓரமெல்லாம் வெளிறித் தெரியும். ரிவெட்டுகளின் மேல் டீக்கால் படிய இளக்கித் திரவம் தடவுங்கள். சுருங்குவது போலத் தோன்றும்போது கை வைக்காதீர்கள், தானே படியும். கடைசியில் பளபளப்பில்லாத மேட் பூச்சு. ஆனால் வெள்ளிப் பகுதியில் முழு மேட் வேண்டாம், சிமென்ட் நிறமாகிவிடும். அரைப் பளபளப்பு போதும்.

சரக்கு என்ஜின்களுக்கு வெறும் கறுப்புதானே, அது சுலபம் இல்லையா? – யாழ்ப்பாண வாசகர்

அடிப்பது சுலபம். நம்பும்படி அடிப்பது அப்படியில்லை. சுத்தக் கறுப்பு, சிறிய மாதிரியில் கதவு, கைப்பிடி எல்லாவற்றையும் விழுங்கிவிடும். பத்துச் சொட்டுக் கறுப்புக்கு ஒரு சொட்டு வெள்ளை கலந்து அடியுங்கள். வெயிலில் சாயம் போனதாகக் காட்ட, மேற்பகுதிக்கு இன்னொரு சொட்டு. மலை உச்சியில் புற ஊதாக் கதிர் கடுமை. கறுப்பு பெயின்ட் சுண்ணாம்பு பூத்தாற்போல் சாம்பலாகும்.

அழுக்கையும் காரணத்தோடு போடுங்கள். ரியோ கிராண்டின் மலைத்தடமான மொஃபட் பாதையில் 2 சதவீத ஏற்றம். சக்கரம் வழுக்காமல் இருக்க தண்டவாளத்தில் மணல் தூவுவார்கள்; அந்த வெளிர் தூசி சக்கரச் சட்டத்தில்தான் படியும், கூரையில் அல்ல. கூரைக்கு வேண்டியது புகைக்கரி. 1928-ல் திறந்த மொஃபட் சுரங்கம் ஏறக்குறைய 10 கி.மீ. நீளம், அதற்குள் புகை தேங்கும். அதனால் புகைபோக்கியைச் சுற்றி அடர்த்தியாகவும் பின்னால் போகப் போக மங்கலாகவும் அடியுங்கள்.

‘சுரங்க மோட்டார்’ எனப்படும் எஸ்டி40டி-2 வகை என்ஜின் மாதிரி செய்கிறவர்கள், பின்பக்கத்தில் நடைபாதையை ஒட்டிய காற்று வாய்களைக் கவனியுங்கள். சுரங்கத்தில் சூடான காற்று மேலே தேங்கும் என்பதால், குளிர்ந்த காற்றைக் கீழிருந்து இழுக்கும் அமைப்பு அது. உட்புறத்தைக் கலப்பில்லாத கறுப்பில் அடித்தால்தான் ஆழம் தெரியும்.

பழைய பெயின்டை எடுக்க தின்னர் பயன்படுத்தலாமா? – மதுரை வாசகர்

கூடாது. தின்னரும் அசிட்டோனும் ஸ்டைரீன் பிளாஸ்டிக்கைக் கரைத்துவிடும். அக்ரிலிக் பெயின்ட் என்றால் ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் சில மணி நேரம் ஊறவைத்து, பழைய பல்துலக்கியால் தேயுங்கள். அடுப்பில்லாத, காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள்.

இந்த வண்ணத்தில் இப்போது ஏதாவது ஓடுகிறதா? – சென்னை வாசகர்

1996-ல் யூனியன் பசிபிக் ரயில் நிறுவனத்தோடு சேர்ந்தபின் பழைய வண்ணம் படிப்படியாக மறைந்தது. அதன் நினைவாக யூனியன் பசிபிக் 2006-ல் 1989 என்ற எண்ணுடைய எஸ்டி70ஏசிஇ என்ஜினுக்கு ரியோ கிராண்ட் வண்ணம் தீட்டியது. ஆனால் அது அஞ்சலிக்கான புது வடிவமைப்பு. உங்கள் எஃப்9-க்கு அதைப் பார்த்து நிறம் எடுக்காதீர்கள்.