உறங்கும் சட்டங்கள்

கேள்வி: அமெரிக்க மாநிலங்களின் சட்டத் தொகுப்புகளில் நூறாண்டுக்கு முந்தைய சட்டங்கள்கூட இன்னும் இருக்கின்றனவாமே? யாருமே கையாளாத சட்டம் தானாகக் காலாவதியாகிவிடாதா?

பதில்: ஆகாது. சட்டமன்றம் இயற்றியதைச் சட்டமன்றமே நீக்க வேண்டும் என்பதுதான் பொது விதி. நெடுங்காலம் பயன்படுத்தப்படாத தண்டனைச் சட்டம் வலுவிழக்கும் என்று மேற்கு வர்ஜீனியாவின் உச்ச நீதிமன்றம் ஏற்றிருப்பது அரிய விதிவிலக்கு. நீதிமன்றம் ஒரு சட்டத்தைச் செல்லாது என்று அறிவித்தால்கூட அதை அமல்படுத்துவதுதான் நிற்குமே தவிர, ஏட்டில் உள்ள வரிகள் அழிவதில்லை. கலப்பின மணத்துக்கான தடைகளை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1967-லேயே செல்லாதவை ஆக்கியது. ஆனால் அலபாமா மாநில அரசியலமைப்பிலிருந்து அந்தத் தடை 2000-இல் நடந்த வாக்கெடுப்பில்தான் நீக்கப்பட்டது. அப்போதும் வாக்களித்தவர்களில் ஏறத்தாழ 40 சதவீதத்தினர் நீக்கத்தை எதிர்த்தார்கள் என்பது சற்றே திகைக்க வைக்கிறது.

பயன்படாத சட்டம் ஏட்டில் கிடந்தால் என்ன கெட்டுவிடும் என்று கேட்பவர்களுக்கு அரிசோனாவைத்தான் காட்ட வேண்டும். அது மாநிலமாவதற்கு முன்பே, 1864-இல், எழுதப்பட்ட கருக்கலைப்புத் தடைச் சட்டம், கருக்கலைப்பு உரிமையை நாடு முழுவதும் ஏற்ற அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் 1973-ஆம் ஆண்டுத் தீர்ப்புக்குப் பின் செயலற்றுக் கிடந்தது. அந்தத் தீர்ப்பை உச்ச நீதிமன்றம் 2022-இல் புரட்டிப்போடவே, பழைய சட்டத்தை அமல்படுத்தலாம் என்று மாநில உச்ச நீதிமன்றம் 2024 ஏப்ரலில் கூறியது. பதறிப்போன சட்டமன்றம் அதை நீக்க வாக்களித்தது. மே 2 அன்று ஆளுநர் கையெழுத்திட்டார்.

நீக்கும் முயற்சிகள் நடக்காமல் இல்லை. மினசோட்டா 2014-இல் ஒரே கூட்டத்தொடரில் 1,175 பழைய சட்டங்களைக் களைந்ததாக அறிவித்தது. தந்தி, பழக்கூடை அளவு போன்ற வேடிக்கையான விதிகள் செய்தியாகின்றன. ஆனால் அவற்றால் யாருக்கும் பெரிய தீங்கில்லை என்பதால், தண்டனை விதிக்கும் உறங்கும் பிரிவுகளிலிருந்தே தொடங்குவது சரி என்பது என் கருத்து. நியூயார்க் (1934), கலிபோர்னியா (1953) போன்ற மாநிலங்களில் இதற்கெனச் சட்டச் சீர்திருத்த ஆணையங்கள் இருந்தாலும், அவை பரிந்துரைக்கலாம், அவ்வளவுதான். ஒரு பிரிவை உருவினால் அதைச் சுட்டும் வேறு பிரிவுகள் அந்தரத்தில் தொங்கும் என்பதால், பரிந்துரைக்கு முந்தைய சரிபார்ப்பே பெரும் வேலை.

கேள்வி: சட்டத்தை நீக்கிவிட்டால், அதன்கீழ் நடந்துகொண்டிருக்கும் வழக்குகள் என்னவாகும்?

பதில்: பழைய ஆங்கிலேய மரபுப்படி, தண்டனைச் சட்டம் நீங்கினால் நிலுவை வழக்கும் முடிந்துவிடும். இதைத் தவிர்க்கவே, நீக்கத்துக்கு முன் நடந்த செயல்களுக்குப் பழைய சட்டமே பொருந்தும் என்னும் காப்புப் பிரிவைப் பெரும்பாலான மாநிலங்கள் பொதுச் சட்டமாகவே வைத்திருக்கின்றன.