முதல் உலகப் போரில் விமானிகள் அவ்வளவு பேர் இறந்ததற்கு எதிரியின் திறமைதான் காரணமா?

திறமைக்குப் பங்கு உண்டு. ஆனால் பிரிட்டிஷ் தரப்பின் இழப்புகளைப் படிக்கப் படிக்க, தரையில் இருந்தவர்கள் எடுத்த முடிவுகளே பெரிய காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

1917 ஏப்ரலை எடுத்துக்கொள்வோம். பிரான்சின் அராஸ் பகுதியில் நடந்த பிரிட்டிஷ் தாக்குதலுக்காக, பிரிட்டிஷ் தரைப்படையின் விமானப் பிரிவான ராயல் ஃப்ளையிங் கார்ப்ஸ் அந்த ஒரே மாதத்தில் ஏறத்தாழ 245 விமானங்களை இழந்தது. ஜெர்மானியர் இழந்தவை 66 மட்டுமே. பீரங்கிப் படைக்கு எதிரி நிலைகளின் புகைப்படங்கள் தேவைப்பட்டதால், எத்தனை விமானங்கள் வீழ்ந்தாலும் போர்முனையைத் தாண்டி எதிரியின் பக்கம் பறப்பதை நிறுத்தக் கூடாது என்பதில் அப்பிரிவின் தளபதி ட்ரென்சார்ட் உறுதியாக இருந்தார். அப்பணிக்குச் சென்றவற்றில் பல பி.இ.2 வகை விமானங்கள். ஆடாமல் அசையாமல் பறந்து படமெடுக்க ஏற்றவையான அவற்றால், சண்டையில் சட்டென்று திரும்பித் தப்ப முடியவில்லை. துப்பாக்கி ஏந்தியவர் முன்னிருக்கையில், இறக்கைகளுக்கும் கம்பிகளுக்கும் நடுவே அமர்ந்திருந்ததால், பின்னாலிருந்து வருபவனைச் சுடுவதே அவருக்குப் பெரும்பாடு. எதிரே வந்த ஜெர்மானிய அல்பட்ராஸ் டி.3 போர் விமானமோ இரட்டை இயந்திரத் துப்பாக்கிகளுடன் அவற்றைவிட மிக வேகமாகப் பறந்தது. ஜெர்மானிய விமானி ரிச்தோஃபன் அந்த மாதத்தில் மட்டும் 21 விமானங்களை வீழ்த்தியதை இந்தப் பின்னணியில்தான் பார்க்க வேண்டும். போதாக்குறைக்கு, அங்கே பெரும்பாலும் மேற்கிலிருந்து வீசும் காற்று, அடிபட்டுத் திரும்பும் பிரிட்டிஷ் விமானத்தை எதிரியின் பக்கமே தள்ளியது.

இழந்தவர்களின் இடத்தை நிரப்ப, தனியாக 20 மணி நேரம்கூடப் பறந்திராத இளைஞர்கள் சிலர் போர்முனைக்கு அனுப்பப்பட்டார்கள். பயிற்சியிலேயே இறந்தவர்களும் ஏராளம். சாப்வித் கேமல் என்ற பிரிட்டிஷ் போர் விமானத்தில் எஞ்சின் முழுவதும் உந்துவிசிறியோடு சேர்ந்து சுழல்வதால், பழகாத கை திருப்பினால் அது சுழன்று விழுந்துவிடும். 1917இல் இங்கிலாந்தின் காஸ்போர்ட்டில் ஸ்மித்-பாரி என்ற அதிகாரி இரட்டைக் கட்டுப்பாட்டு விமானத்தில் ஆசிரியரும் மாணவரும் சேர்ந்து பறக்கும் முறையை ஒழுங்குபடுத்திய பிறகுதான் பயிற்சி ஓரளவு சீர்பட்டது. அனுபவசாலிகளையும் விபத்து விடவில்லை: 40 எதிரி விமானங்களை வீழ்த்திய ஜெர்மானிய விமானி போல்கே 1916இல் சக விமானத்தோடு உரசி வீழ்ந்தார், 57 வெற்றிகள் பெற்ற பிரிட்டிஷ் விமானி மெக்கடன் 1918 ஜூலையில் விமானம் மேலெழும்பியவுடன் விழுந்து இறந்தார்.

என்னால் ஏற்க முடியாதது பாராசூட் விஷயம். கண்காணிப்பு பலூன்களில் இருந்தவர்களுக்கு அது கிடைத்தது. எடையும் பருமனும் தடை என்று சொல்லி விமானிகளுக்குத் தரப்படவில்லை. தீப்பிடித்த விமானத்தில் வெந்து சாவதைவிடத் தன்னைத்தானே சுட்டுக்கொண்டு சாவது மேல் என்று கருதிய மானக் என்ற புகழ்பெற்ற பிரிட்டிஷ் விமானி, கைத்துப்பாக்கியோடு பறந்தார். 1918இல் ஜெர்மானியர் தம் விமானிகளுக்குப் பாராசூட் வழங்கத் தொடங்கினர். அந்த ஆண்டு ஜூன் மாதத்தில் ஊடெட் என்ற ஜெர்மானிய விமானி அதன் உதவியால் உயிர் தப்பினார். எடையைக் காரணம் காட்டிய வாதம் அத்தோடு வலுவிழந்திருக்க வேண்டும். ஆனாலும் பிரிட்டிஷ் விமானிகள் போர் முடியும்வரை பாராசூட் இல்லாமலேதான் பறந்தார்கள்.