குடிப்பவரை வீட்டிலேயே பூட்டி வைத்தால் எத்தனை நாளில் சரியாகும்?

பூட்டி வைக்காதீர்கள். மீதியைப் படிக்க நேரமில்லை என்றால் இதை மட்டுமாவது எடுத்துக்கொள்ளுங்கள்.

தம்பி தினமும் குடிக்கிறார், பத்து நாள் அறையில் போட்டுக் கஞ்சி கொடுத்தால் தெளிந்துவிடும் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். படித்ததும் எனக்கு அடிவயிறு கலங்கிவிட்டது. என்னை யாரும் பூட்டவில்லை. ஊரையே பூட்டினார்கள்.

கோயம்புத்தூரில் லேத் பட்டறையில் டர்னராக இருந்தேன். மோட்டார் பம்புக்கு ஷாஃப்ட் கடைவது என் வேலை. காலையில் ஒரு கட்டிங் சரக்கு உள்ளே போனால்தான், அளவு பார்க்கிற மைக்ரோமீட்டரைப் பிடிக்கக் கை நிற்கும். அது வியாதி என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. 2020 மார்ச் 24, செவ்வாய்க்கிழமை மாலை ஊரடங்குக்காக எல்லா மதுக்கடையும் அடைத்தாயிற்று. கையிலிருந்தது அன்று இரவு பத்து மணிக்குத் தீர்ந்தது.

புதன் காலை கை நடுங்கியது. வியர்வை, வாந்தி, நெஞ்சு படபடப்பு. கொரோனாதான் என்று என் மனைவி பயந்துவிட்டாள். வியாழன் விடியற்காலையில் வலிப்பு வந்து, நாக்கைக் கடித்துக்கொண்டு பாத்ரூம் வாசலில் விழுந்து கிடந்தேனாம். 108 வந்து அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். வெள்ளி இரவு எனக்கு வார்டு தெரியவில்லை, பட்டறைதான் தெரிந்தது. சலைன் கம்பியைப் பிடித்துக்கொண்டு லேத்தின் கைச்சக்கரத்தைச் சுற்றுவதுபோல் விடிய விடியச் சுற்றியிருக்கிறேன். "ஏனுங்க, இது ஆஸ்பத்திரிங்க" என்று அவள் அழுதிருக்கிறாள். "மெஷினை நிறுத்து, ஜாப் பறக்கப் போகுது" என்று, மெஷினில் மாட்டிய இரும்பைச் சொல்லி, அவளிடமே கத்தியிருக்கிறேன். எதுவும் எனக்கு நினைவில்லை. எல்லாம் அவள் பின்னால் சொன்னது.

நான் டாக்டர் இல்லை. ஆனால் டாக்டர்கள் சொன்ன கணக்கு என் உடம்பில் நடந்ததோடு அப்படியே பொருந்தியது. கடைசி கிளாஸிலிருந்து ஆறு முதல் எட்டு மணி நேரத்தில் நடுக்கம் தொடங்கும். வலிப்பு வருவதானால் பெரும்பாலும் முதல் இரண்டு நாளுக்குள் வரும். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாள் வரை சிலருக்குப் பிதற்றல், இல்லாததைப் பார்ப்பது. உயிர் போகும் கட்டம் இதுதான். ஐந்திலிருந்து ஏழு நாளில் உடம்பு அடங்கும். தினமும் குடிப்பவரின் மூளை, சரக்கு அமுக்குவதை எதிர்த்து ஓயாமல் தள்ளிப் பழகியிருக்கும். சரக்கை ஒரே நாளில் எடுத்துவிட்டால் தள்ளுவது மட்டும் மிஞ்சும், நடுக்கமும் வலிப்பும் அதனால் வருவதுதான். அதனால்தான் குளோர்டையசெபாக்சைடு மாதிரி மாத்திரையைக் கொடுத்து, நாளுக்கு நாள் குறைத்து இறக்குகிறார்கள். குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன்னால் தயமின் ஊசி, அதாவது பி1, போடுவார்கள். குடிப்பவர் உடம்பில் அது வற்றிப்போயிருக்கும். அது இல்லாமல் மூளை கெட்டு ஞாபகமே போய்விடலாம். கஞ்சியால் இதில் எதையும் செய்ய முடியாது.

"என் சித்தப்பா சபரிமலைக்கு மாலை போட்ட அன்றே நிறுத்தினார், ஒன்றும் ஆகவில்லை" என்று யாராவது கீழே எழுதுவார்கள். உண்மையாகவே இருக்கும். எல்லோருக்கும் வலிப்பு வருவதில்லை. ஆனால் உங்கள் தம்பிக்கு வராது என்று கதவைச் சாத்துவதற்கு முன் யாரால் சொல்ல முடியும்?

கேள்வி எத்தனை நாள் என்பது. உடம்புக்கு ஒரு வாரம். எனக்கு அதற்கப்புறம்தான் மெயின் வேலையே இருந்தது. 44 நாள் ஒரு சொட்டு தொடவில்லை. கல்லீரல் கொழுப்பு கரைய ஆரம்பித்திருந்தது, பசி வந்தது, இனி நான் குடிகாரன் இல்லை என்றே நினைத்துவிட்டேன். மே 7 கடை திறந்தார்கள். வெயிலில் வரிசையில் நின்று வாங்கினேன். மறுநாளே கடையை அடைக்கச் சொல்லி கோர்ட் உத்தரவு வந்தது, 16ஆம் தேதி மறுபடி திறந்தார்கள். ஜூன் முடிவதற்குள் பழைய அளவுக்கே வந்துவிட்டேன். காரணம், 44 நாளும் குடிக்க வழியில்லாமல்தான் இருந்தேன். வழி இருக்கும்போது குடிக்காமல் இருக்க எனக்கு ஒரு நாள்கூடப் பழக்கமில்லை. பூட்டி வைத்தாலும் இதுதான் நடக்கும்.

செப்டம்பரில் நானே போய் அட்மிட் ஆனேன். ஒவ்வொரு முறை நிறுத்தும்போதும் நடுக்கம் முன்னைவிட மோசமாகலாம் என்று முதலிலேயே சொல்லி, மருந்தைக் கணக்காகக் கொடுத்தார்கள். இந்தத் தடவை வலிப்பு வரவில்லை. ஒன்றரை மாதம் தூக்கம் அரைகுறை. மூன்றாம் மாதம் 20 மைக்ரானுக்குள், அதாவது மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்குக்கு மேல் பிசகாமல், ஒரு ஷாஃப்ட் கடைந்து நிமிர்ந்தேன், கை நின்றது. அன்று பட்டறையிலேயே அழுதேன். ஆறாம் மாதம் காரணமே இல்லாமல் எல்லார் மேலும் எரிந்து விழுந்தேன். அதுதான் எனக்கு மிக ஆபத்தான காலம். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்று, குடியை நிறுத்த நினைப்பவர்கள் ஒருவருக்கொருவர் துணையாகக் கூடும் கூட்டத்துக்கு வாரம் இரண்டு நாள் போனதால் தப்பித்தேன். இன்றும் போகிறேன்.

இன்னொன்றைச் சொல்லாமல் விடமுடியாது. "அவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுங்கள்" என்று விளம்பரம் வருகிறதே, அதை வாங்காதீர்கள். அதில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. டைசல்ஃபிராம் என்று ஒரு மாத்திரை உண்டு, அதைப் போட்டுக்கொண்டு குடித்தால் முகம் சிவந்து, வாந்தி வந்து, ரத்த அழுத்தம் சரிந்துவிடும். தெரிந்தே சம்மதித்துச் சாப்பிடுபவருக்குத்தான் டாக்டர் அதை எழுதுவார். என் மாமியார் ஒரு பொடியை 3,000 ரூபாய்க்கு வாங்கி என் காபியில் கலந்தார். பாசத்தில் செய்தார், அவர் மேல் கோபமில்லை. விற்றவன் மேல்தான் இன்னும் ஆறவில்லை.

இப்போது சொந்தமாக ஒரு லேத் போட்டிருக்கிறேன். இதைச் சொல்ல இது இடமில்லை, ஆனாலும் சொல்கிறேன். 2022இல் மின்சாரத்தின் நிலைக்கட்டணத்தை ஏற்றினார்கள். ஆர்டர் இல்லாமல் மெஷின் சும்மா கிடக்கிற மாதமும் அதைக் கட்டியே ஆகவேண்டும். ஜாப் ஒர்க் கூலி மட்டும் அங்கேயே நிற்கிறது. குடியிலிருந்து மீண்டு வந்தவன் உழைத்துப் பிழைக்கவும் வழி வேண்டாமா?

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். நான் சொன்ன கணக்கெல்லாம் குடிக்கு மட்டும்தான். தம்பி போதைக்காக வலி மாத்திரையோ ஊசியோ போடுகிறவராக இருந்தால் கணக்கு வேறு. நிறுத்திச் சில வாரம் கழித்துப் பழைய அளவையே போட்டால் மூச்சு நின்றுவிடலாம், அதை டாக்டரிடம் மறைக்காதீர்கள். காலையில் எழுந்ததும் அவருக்குக் கை நடுங்குகிறதா, முன்பு எப்போதாவது வலிப்பு வந்திருக்கிறதா, கடைசியாக எத்தனை மணிக்குக் குடித்தார் என்று குறித்துக்கொள்ளுங்கள். நேராக அரசு ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குப் போங்கள். போதை மீட்பு உதவி எண் 14446க்குக் கூப்பிட்டாலும் வழி சொல்வார்கள், கட்டணம் இல்லை. ஏற்கெனவே நிறுத்தி ஒரு நாள் ஆகிவிட்டது, நடுக்கமோ பிதற்றலோ இருக்கிறது என்றால் இதைப் படித்துக்கொண்டிருக்காமல் 108ஐக் கூப்பிடுங்கள்.