மெசேஜ் ஆப்பில் விளம்பரத் தொல்லை: கேள்வி-பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே புலம்பல்தான். மெசேஜ் பார்க்கப் போனால் விளம்பரம் வந்து நிற்கிறது, எப்படி நிறுத்துவது? ஆனால் விளம்பரம் எல்லோருக்கும் ஒரே இடத்திலிருந்து வருவதில்லை. சிலருக்கு ஆப் நிறுவனமே காட்டுகிறது, சிலருக்குக் கடைக்காரர்கள் அனுப்புகிறார்கள், சிலருக்கு முன்பின் தெரியாத யாரோ. அந்த ஆப்புக்கும் விளம்பரத்துக்கும் சம்பந்தமே இல்லாத கேஸும் உண்டு. யார் வேலை என்று தெரியாமல் செட்டிங்ஸை நோண்டினால் நேரம்தான் வீண்.

கேள்வி: வாட்ஸ்அப்பில் ஸ்டேட்டஸ் பார்க்கும்போது நடுவில் விளம்பரம் வருகிறது. அடியோடு நிறுத்த முடியுமா?

இலவசமாகப் பயன்படுத்துகிறவர்களுக்கு அப்படி ஒரு பட்டன் இல்லை. ஸ்டேட்டஸ்களுக்கு இடையிலும் சேனல் தேடும் பட்டியலிலும் விளம்பரம் வரும் என்று வாட்ஸ்அப்பின் சொந்தக்காரரான மெட்டா 2025 ஜூனில் அறிவித்தது. எல்லாம் 'அப்டேட்ஸ்' பக்கத்தோடு சரி. சாட் பட்டியலிலோ, நீங்கள் ஒருவரோடு பேசும் இடத்திலோ இந்த விளம்பரம் வராது. அங்கே வருகிறது என்றால் அது வேறு வகை. அடுத்த கேள்விகளைப் பாருங்கள்.

விளம்பரம் விற்க மாட்டோம், ஏன் என்றால் இதனால்தான் என்று 2012-ல் விளக்கம் எழுதிய கம்பெனி வாட்ஸ்அப். 2014-ல் அதை ஃபேஸ்புக் (இன்றைய மெட்டா) வாங்கியது. 2016-ல் ஆண்டுக்கு ஒரு டாலர் சந்தாவையும் எடுத்தார்கள். சந்தாவும் வேண்டாம், விளம்பரமும் வேண்டாம் என்று ஒரு கம்பெனி எத்தனை நாள் ஓடும்? எனக்கு இதில் ஆச்சரியம் எதுவும் இல்லை.

உங்களால் செய்யக்கூடியது, குறைப்பது. விளம்பரத்தின் மேல் இருக்கும் மெனுவில் அதை மறைக்கலாம், புகார் செய்யலாம், ஏன் எனக்குக் காட்டுகிறாய் என்றும் பார்க்கலாம். அப்புறம், மெட்டா ஆப்களின் கணக்குகளை ஒன்றாக இணைக்கும் 'அக்கவுன்ட்ஸ் சென்டர்' என்ற இடத்தில் வாட்ஸ்அப்பைச் சேர்த்திருக்கிறீர்களா என்று பாருங்கள். சேர்த்திருந்தால் ஃபேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் நீங்கள் செய்வதை வைத்தும் விளம்பரம் வரும். சேர்க்காவிட்டால், இருக்கும் ஊர், மொழி, பின்தொடரும் சேனல்கள் போன்ற கொஞ்சம் தகவலை வைத்துத்தான். நான் சேர்க்கவில்லை. ஒருவர் ஸ்டேட்டஸ் முடிந்ததும் அடுத்தவருடையது தானாக ஓடுமே, அந்த இடைவெளியில்தான் விளம்பரம் நுழைகிறது. பார்க்க வேண்டியவரைப் பார்த்துவிட்டுப் பின்னால் வந்துவிட்டால் பாதித் தொல்லை இல்லை.

கேள்வி: பொருள் வாங்கிய கடைகள் எல்லாம் வாட்ஸ்அப்பில் சலுகை மெசேஜ் அனுப்புகின்றன. பிளாக் செய்தால் ஆர்டர் விவரமும் வராமல் போய்விடுமே?

ஆமாம், பிளாக் செய்தால் எல்லாமே நின்றுவிடும். அதற்கு முன்னால் செய்ய ஒன்று இருக்கிறது. அந்த நிறுவனத்தின் சாட்டைத் திறந்து மேலே பெயரைத் தொட்டால், சலுகைகளையும் அறிவிப்புகளையும் நிறுத்தும் வசதி இருக்கும். சில மெசேஜ்களின் அடியிலேயே கூட அது தெரியும். அதை நிறுத்திவிட்டால் விற்பனை மெசேஜ் மட்டும் நிற்கும். ஓடிபி, ஆர்டர் விவரம் வந்துகொண்டிருக்கும். ஒரே கம்பெனி இரண்டு மூன்று எண்களிலிருந்து அனுப்பும். ஒவ்வொரு எண்ணிலும் தனித்தனியாக நிறுத்த வேண்டும். அலுப்புதான், ஆனால் ஒருமுறை வேலை.

நிறைய பேர் இந்த மெசேஜ்களை அழித்துவிட்டுச் சும்மா இருந்துவிடுகிறார்கள். அழிப்பதால் அனுப்புகிறவருக்கு ஒன்றும் ஆகாது. பிளாக்கும் ரிப்போர்ட்டும் அப்படியல்ல. பெரிய நிறுவனங்கள் இந்த விளம்பர மெசேஜ்களுக்கு மெட்டாவுக்குக் காசு கட்டுகின்றன; 2025 ஜூலையிலிருந்து ஒவ்வொரு மெசேஜுக்கும் தனிக் கட்டணம். அனுப்பும் எண்ணுக்குத் தர மதிப்பீடும் உண்டு. மக்கள் பிளாக் செய்யச் செய்ய, ரிப்போர்ட் செய்யச் செய்ய அது இறங்கும், இறங்கினால் அவர்கள் நினைத்தபடி அனுப்ப முடியாது. அவர்களுக்கு வலிக்கிற இடம் அதுதான். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: ரிப்போர்ட் செய்தால் அந்த சாட்டின் கடைசி ஐந்து மெசேஜ்கள் வாட்ஸ்அப்புக்குப் போகும். ஆர்டர் விலாசம் அதில் இருந்தால் யோசித்துச் செய்யுங்கள்.

தெரிந்த கம்பெனி 'நிறுத்த ஸ்டாப் என்று அனுப்புங்கள்' என்றால் அனுப்பலாம். முன்பின் தெரியாத எண் அப்படிச் சொன்னால் பதிலே வேண்டாம். பதில் அனுப்பினால் இந்த எண்ணில் ஆள் இருக்கிறது என்று நீங்களே சொல்லிக்கொடுத்த மாதிரி.

கேள்வி: கேட்காமலேயே என்னை ஏதேதோ முதலீட்டுக் குரூப்பில் சேர்த்துவிடுகிறார்கள்.

செட்டிங்ஸ், பிரைவசி, குரூப்ஸ். அங்கே 'எவ்ரிஒன்' என்று இருப்பதை 'மை கான்டாக்ட்ஸ்' என்று மாற்றுங்கள். டெலிகிராமிலும் இதே வசதி பிரைவசி பகுதியில் இருக்கிறது. ஏற்கெனவே சேர்த்துவிட்ட குரூப்பிலிருந்து வெறுமனே வெளியேறாமல் ரிப்போர்ட் செய்துவிட்டு வெளியேறுங்கள். உள்ளே 'லாபம் வந்தது, நன்றி' என்று எழுதுகிறவர்களும் அவர்கள் ஆட்கள்தான்.

கேள்வி: சொந்தக்காரர் ஒருவர் தன் வியாபார விளம்பரத்தைத் தினமும் அனுப்புகிறார். பிளாக் செய்தால் வீட்டில் சண்டை வரும்.

இதற்குத் தொழில்நுட்பத்தில் ஒரு நல்ல ஓட்டை இருக்கிறது. அவர் 'பிராட்காஸ்ட் லிஸ்ட்' வழியாக, அதாவது ஒரே மெசேஜைப் பலருக்கும் தனித்தனியாகப் போய்ச் சேரும்படி, அனுப்புகிறார் என்றால், அவர் எண்ணை நீங்கள் கான்டாக்ட்டில் சேமித்து வைத்திருந்தால்தான் அது உங்களுக்கு வரும். எண்ணை அழித்துவிட்டால் பிராட்காஸ்ட் வராது, அவர் தனியாக அனுப்பும் மெசேஜும் போனும் வழக்கம்போல வரும். எண்ணை ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான். பிளாக் செய்யவில்லை என்று சத்தியமே செய்யலாம்.

குடும்பக் குரூப்பில் போடுகிறார் என்றால் குரூப்பை மியூட் செய்து ஆர்க்கைவில் போடுங்கள். நீங்கள் அட்மின் என்றால் அந்த மெசேஜை எல்லோருக்கும் சேர்த்து அழிக்கவும் முடியும். அந்தத் துணிச்சல் உங்கள் பொறுப்பு. ஸ்டேட்டஸில் போட்டுத் தள்ளுகிறவர் என்றால் அவர் பெயரை அழுத்திப் பிடித்து மியூட். அவருக்குத் தெரியவே தெரியாது.

கேள்வி: டெலிகிராம் சேனலின் கடைசியில் சின்னதாக ஒரு விளம்பரம் எப்போதும் இருக்கிறது. பிரீமியம் வாங்கினால் போய்விடுமா?

அந்த வகை போய்விடும். 2021-ல் தொடங்கிய 'ஸ்பான்சர்டு மெசேஜ்' அது. ஆயிரம் உறுப்பினர்களுக்கு மேல் உள்ள பொதுச் சேனல்களில் வரும், விளம்பர வாசகம் 160 எழுத்துக்குள் இருக்க வேண்டும். தனிப்பட்ட சாட்டில் கிடையாது. 2022-ல் வந்த பிரீமியம் சந்தா இதை எடுத்துவிடுகிறது. ஆனால் சேனல் நடத்துகிறவரே காசு வாங்கிக்கொண்டு போடும் பதிவு சாதாரணப் பதிவுதான். எந்தச் சந்தாவும் அதைத் தொடாது. எனவே வாங்குவதற்கு முன் உங்களை எரிச்சல்படுத்துவது எது என்று கவனியுங்கள். இரண்டாவது வகை என்றால் சேனலை விட்டு வெளியே வருவதுதான் மருந்து, அது இலவசம்.

கேள்வி: வாட்ஸ்அப்பைத் திறந்தாலே திரை முழுக்க விளம்பரம். மூடும் பெருக்கல் குறி கூடக் கண்ணுக்குத் தெரியாத அளவில் இருக்கிறது. அழித்துவிட்டு மறுபடி போட்டும் அதேதான்.

மறுபடி போட்டும் போகவில்லை என்றால் குற்றவாளி வாட்ஸ்அப் இல்லை. போனில் வேறொரு ஆப், நீங்கள் எதைத் திறந்தாலும் அதன் மேல் வந்து உட்கார்ந்துகொள்கிறது. கையும் களவுமாகப் பிடிக்க வழி உண்டு. விளம்பரம் வந்ததும் மூட அவசரப்படாதீர்கள். அண்மையில் திறந்த ஆப்களைக் காட்டும் பட்டனை அழுத்துங்கள். வரிசையில் முதலில் நிற்கும் அட்டையின் தலையில் ஒரு ஐகான் தெரியும், அநேகமாக அதுதான் ஆள். ஐகான் வெறுமையாக இருந்தாலும் சந்தேகம் உறுதி. ஒளிந்துகொள்ளத் தெரிந்த ஆப்.

அப்படியும் சிக்கவில்லை என்றால் ஆண்ட்ராய்டு செட்டிங்ஸில் ஆப்ஸ், அதற்குள் 'ஸ்பெஷல் ஆப் ஆக்சஸ்', அதற்குள் 'டிஸ்ப்ளே ஓவர் அதர் ஆப்ஸ்' என்று போங்கள். மற்ற ஆப்களின் மேல் படர அனுமதி பெற்றவை பட்டியலாக இருக்கும். டார்ச், கிளீனர், கியூஆர் ஸ்கேனர், வால்பேப்பர் என்ற பெயரில் எதுவாவது இருந்தால் அனுமதியைப் பறித்து, ஆப்பையும் தூக்குங்கள். அன்இன்ஸ்டால் பட்டன் மங்கலாக இருந்தால் அது 'டிவைஸ் அட்மின்' அதிகாரம் வாங்கி வைத்திருக்கிறது. செக்யூரிட்டி பகுதியில் அதை முதலில் நீக்க வேண்டும். 'விளம்பரம் நீக்கும் ஆப்' ஒன்றைத் தேடி இறக்க மட்டும் போகாதீர்கள். பேயை ஓட்டப் பிசாசைக் கூப்பிட்ட கதை ஆகிவிடும்.

கேள்வி: கம்ப்யூட்டரில் வாட்ஸ்அப் வெப் திறந்திருக்கும்போது மூலையில் மெசேஜ் மாதிரியே விளம்பரங்கள் வருகின்றன.

அந்தச் சின்னப் பெட்டியில் தலைப்புக்குக் கீழே பொடி எழுத்தில் ஒரு தளத்தின் பெயர் இருக்கும், படியுங்கள். எப்போதோ ஏதோ ஒரு தளம் 'நோட்டிபிகேஷன் அனுப்பலாமா' என்று கேட்டு, நீங்கள் 'அலோ' அழுத்தியிருப்பீர்கள். பிரவுசர் செட்டிங்ஸில் 'சைட் செட்டிங்ஸ்', 'நோட்டிபிகேஷன்ஸ்' போய் அந்தத் தளத்தை நீக்கினால் தீர்ந்தது. இது பழைய தந்திரம்தான். விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் 'மெசஞ்சர் சர்வீஸ்' என்று அலுவலக அறிவிப்புக்காக வைத்த வசதியைப் பிடித்துக்கொண்டு விளம்பரப் பெட்டிகளைக் கொட்டினார்கள். 2004-ல் சர்வீஸ் பேக் 2 என்ற விண்டோஸ் அப்டேட் வந்து அதை அணைத்து வைத்த பிறகுதான் ஓய்ந்தது.

கேள்வி: விளம்பரம் இல்லாத மாற்று வாட்ஸ்அப் என்று ஒரு ஏபிகே (பிளே ஸ்டோருக்கு வெளியே நேரடியாகப் போடும் ஆப் ஃபைல்) கிடைத்தது. போடலாமா?

வேண்டாம். 2021-ல் எஃப்எம்வாட்ஸ்அப் என்ற இப்படிப்பட்ட ஒன்றில் ட்ரையாடா என்ற ட்ரோஜன் (நல்ல ஆப் போல ஒளிந்து வரும் கெடுதல் நிரல்) இருந்ததைக் காஸ்பர்ஸ்கி என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம் கண்டுபிடித்தது. அது செய்த வேலைகளில் ஒன்று, திரை முழுக்க விளம்பரம் காட்டுவது! கணக்கு முடங்கும் அபாயம் தனி.

கேள்வி: முன்பு ஸ்கைப்பில், ஹோஸ்ட்ஸ் ஃபைலில் (எந்தத் தளத்தை எங்கே தேடுவது என்று கம்ப்யூட்டர் பார்க்கும் ஃபைல்) சில வரிகள் சேர்த்தால் விளம்பரம் போய்விடும். இப்போது விளம்பரம் தடுக்கும் டிஎன்எஸ் (தளத்தின் பெயரை வைத்து அதன் முகவரியைத் தேடித்தரும் சேவை) போட்டும் ஸ்டேட்டஸ் விளம்பரம் போகவில்லையே?

ஸ்கைப்பே 2025 மே மாதத்தோடு போய்விட்டது. அந்த வித்தை பலித்ததற்குக் காரணம், விளம்பரம் தனி முகவரியிலிருந்து வந்தது. அந்த முகவரியை மறித்தால் அரட்டைக்குச் சேதமில்லை. டிஎன்எஸ் தடுப்பும் முகவரியைப் பார்த்துத்தான் மறிக்கிறது. ஸ்டேட்டஸ் விளம்பரமோ, ஆப் தனக்கு வேண்டிய மற்றதை எல்லாம் எடுக்கும் அதே வழியில் வருகிறது. வழியை அடைத்தால் மெசேஜும் சேர்ந்து நிற்கும். மற்ற சில்லறை ஆப்களின் பேனர் விளம்பரங்களுக்கு டிஎன்எஸ் இன்னமும் நன்றாகவே உதவும், எடுத்துவிடாதீர்கள்.

கேள்வி: விளம்பரமே இல்லாத ஆப் எது?

சிக்னல். லாப நோக்கமில்லாத அறக்கட்டளை நடத்துவது, நன்கொடையில் ஓடுகிறது. வாட்ஸ்அப்பைத் தொடங்கிய இருவரில் ஒருவரான பிரையன் ஆக்டன் 2018-ல் 5 கோடி டாலர் கொடுத்து அந்த அறக்கட்டளைக்கு அடிபோட்டார். ஆனால் நீங்கள் மட்டும் போனால் போதாது, பேச ஆள் வேண்டுமே. தினமும் பேசும் இரண்டு மூன்று பேரை முதலில் அழைத்துப் போங்கள்; வாட்ஸ்அப்பை உடனே அழிக்க வேண்டாம்.