லே மான் போகலாம், குறுவைப் பணத்தில் கை வைக்காமல்

கேள்வி: வணக்கம் சார். மயிலாடுதுறை பக்கம் கிராமம். நண்பர்கள் ஆறு பேர் சேர்ந்து அடுத்த வருடம் ஜூனில் பிரான்சில் நடக்கும் லே மான் 24 மணி நேரக் கார் பந்தயத்துக்குப் போய், ஓடுதளத்தை ஒட்டியே கூடாரம் போட்டுத் தங்கிப் பார்க்கலாம் என்று இருக்கிறோம். ஆளுக்கு 2 லட்சம் என்று கணக்குப் போட்டிருக்கிறோம். மூன்று பேர் விவசாயம், இரண்டு பேர் மாதச் சம்பளம், ஒருவர் டிராக்டர் வாடகைக்கு ஓட்டுகிறார். எல்லோரும் என் கணக்கில் பணம் போட்டுவிடுவார்கள், நான் மொத்தமாக புக் செய்வேன். எனக்கு 4 ஏக்கர். என் பங்கை மட்டும் இப்போது சம்பாவுக்கு வாங்கிய பயிர்க்கடனில் இருந்து எடுத்துக்கொண்டு, அறுவடை முடிந்ததும் கட்டிவிடலாமா?

பதில்: போங்க, தாராளமாகப் போங்க. 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரக் கார் பந்தயத்தில் நடிகர் அஜித்குமார் அணி தன் பிரிவில் மூன்றாவதாக வந்ததில் இருந்து இந்த மாதிரிக் கேள்விகள் எனக்கு வருகின்றன, வரவேற்கிறேன். லே மான் என்றால் இன்னும் பெரிய ஆசை. 1923இல் தொடங்கிய பந்தயம் அது, நம்ம சென்னைக்காரர் கருண் சந்தோக் 2012இல் அதில் ஓட்டியிருக்கிறார். அந்த ஆசைக்குச் செலவு செய்வதை வீண் என்று நான் சொல்லவே மாட்டேன். ஆனால் நீங்கள் கேட்ட பயிர்க்கடன், கேட்காமல் விட்ட, எல்லோர் பணமும் உங்கள் ஒரே கணக்கில் சேர்வது, இரண்டுமே வேண்டாம்.

பயிர்க்கடனை முதலில் பார்ப்போம். கூட்டுறவுச் சங்கக் கடனை கெடுவுக்குள் கட்டினால்தான் நமக்கு வட்டி இல்லை. தவறினால் அந்தச் சலுகை போய்விடும், அடுத்த கடன் கொடுக்கவும் யோசிப்பார்கள். அதைவிட, அந்தப் பணம் இப்போது உரத்துக்கும் நடவுக்கும் போக வேண்டிய பணம். அதை டிக்கெட்டில் போட்டுவிட்டால் மேலுரம் போடும் நேரத்தில் உரக்கடையில் கடன் சொல்ல வேண்டிவரும், இல்லை நகையைத் தூக்கிக்கொண்டு போக வேண்டிவரும். ஐப்பசி கார்த்திகையில் மழை அடித்து வயல் மூழ்கினால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

இன்னொரு சிக்கல், இதை நீங்கள் யோசித்தீர்களா தெரியவில்லை. பந்தயம் ஜூன் நடுவில், சனிக்கிழமை மாலை 4 மணிக்குத் தொடங்கி ஞாயிறு மாலை 4 மணிக்கு முடியும். பாசனத்துக்கு மேட்டூர் அணை திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12. அதாவது நீங்கள் அங்கே கூடாரம் அடிக்கும் நேரமும் இங்கே குறுவை நடவு நேரமும் ஒன்று. பம்புசெட் வைத்து முன்கூட்டியே நடுபவராக இருந்தாலும் அந்த வாரம் ஆள் கூலி, உரம் என்று கை நிறையச் செலவு இருக்கும், பார்த்துக்கொள்ள வீட்டில் ஒரு ஆளும் வேண்டும். ஏக்கருக்கு 25,000 என்று வைத்தாலும் 4 ஏக்கருக்கு ஒரு லட்சம். சம்பா நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போட்டுப் பணம் கணக்கில் ஏறியதும் முதலில் சங்கக் கடனை அடையுங்கள், அடுத்து இந்த ஒரு லட்சத்தைத் தனியாக எடுத்து வையுங்கள், வீட்டுச் செலவும் போக மிச்சம் இருப்பதுதான் பயணத்துக்கு. அந்த மிச்சம் 2 லட்சம் வராது என்றால் ஒரு வருடம் தள்ளிப் போடுங்கள். பந்தயம் எங்கேயும் ஓடிப்போகாது, வருடா வருடம் நடக்கிறது.

சரி, டிக்கெட் அதுவரை காத்திருக்காதே என்பீர்கள், நியாயம்தான். சில வருடங்களாகப் பந்தயத்துக்குப் பல மாதம் முன்பே டிக்கெட் தீர்ந்துவிடுகிறது, கூடாரம் போடும் இடத்துக்குத் தனி டிக்கெட் வேறு, அதையும் முன்பே வாங்க வேண்டும். அதனால் செலவை இரண்டாகப் பிரியுங்கள். நுழைவு டிக்கெட், கூடார இடம் இரண்டும் மொத்தச் செலவில் சின்னப் பகுதிதான். அதை மட்டும் இப்போது சம்பளக்காரர்கள் இருவரும் போடட்டும், விவசாயிகள் மூவரும் அறுவடைக்குப் பிறகு அவர்களுக்குத் திருப்பிக் கொடுக்கட்டும். விமானம்தான் பெரிய செலவு, அது நெல் பணம் வந்த பிறகு. டிராக்டர் நண்பருக்கு அறுவடையும் உழவும்தான் வருமான காலம் என்பதால் அவரையும் விவசாயிகள் கணக்கிலேயே சேருங்கள். மாதச் சம்பளக்காரர்கள் அவரவர் பெயரில் வங்கியில் மாதாமாதம் கட்டும் ஆர்.டி. சேமிப்பு போட்டுக்கொண்டால் போதும்.

இப்போது அந்த ஒரே கணக்கு. ஆறு பேருக்கு 12 லட்சம், எல்லாம் உங்கள் பேரில், உங்கள் பான் எண்ணில். வங்கி வழியாக ஒருவர் ஒரு நிதியாண்டில் 10 லட்சத்துக்கு மேல் வெளிநாட்டுக்கு அனுப்பினால் மிகுதித் தொகைக்கு 20 சதவீதம் டி.சி.எஸ். என்ற வரியை முன்கூட்டியே பிடிப்பார்கள். 12 லட்சமும் அப்படிப் போனால் உங்கள் விஷயத்தில் மிகுதி 2 லட்சத்துக்கு 40,000 ரூபாய். வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்தால் திரும்ப வரும், ஆனால் பல மாதம் முடங்கிக் கிடக்கும். நண்பர்கள் ரொக்கமாகக் கொண்டுவந்து கொடுத்தால் இன்னும் மோசம்: ஒரே விஷயத்துக்காக ஒருவரிடம் 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கம் வாங்குவதே சட்டப்படி தப்பு, சேமிப்புக் கணக்கில் வருடத்துக்கு 10 லட்சம் ரொக்கம் விழுந்தால் வருமான வரித் துறைக்கு வங்கியே தகவல் கொடுத்துவிடும். அது உங்கள் பணம் இல்லை என்று நீங்கள் விளக்கிக்கொண்டிருக்க வேண்டும். ஆளாளுக்கு அவரவர் பணத்தை அவரவர் கணக்கில் இருந்தே கட்டுங்கள். முன்பு சொன்ன நுழைவு டிக்கெட்டுக்கும் கூடார இடத்துக்கும் மட்டும் சம்பளக்காரர்கள் கட்டி, மற்றவர்கள் ஜிபேயில் அனுப்பினால் போதும், அதற்குப் பதிவும் இருக்கும்.

வெளிநாட்டுப் பயணத்துக்கு ஒரு வருடத்தில் 2 லட்சத்துக்கு மேல் செலவு செய்தால், தனக்கோ அடுத்தவருக்கோ, வரி கட்டும் அளவு வருமானம் இல்லாவிட்டாலும் வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்தே ஆக வேண்டும். விவசாய வருமானத்துக்கு வரி இல்லை என்று நம்ம பக்கம் பலரும் தாக்கல் செய்வதே இல்லை. இந்த வருடத்தில் இருந்தாவது மூவரும் செய்யுங்கள், விசா கேட்கும்போதும் அது பெரிய துணை.

விசாவைப் பற்றி அழுத்திச் சொல்கிறேன். பிரான்ஸ் உட்பட பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், கட்டணம் 90 யூரோ, மறுத்தால் திரும்ப வராது. குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம். அவர்கள் வங்கிக் கணக்கைத்தான் உற்றுப் பார்ப்பார்கள். நகையை அடகு வைத்துத் திடீரென்று 3 லட்சம் ஏற்றிக் காட்டினால் சந்தேகம்தான் வரும். அதுவே நெல் பணம் ஏறி, கொள்முதல் ரசீது, நில ஆவணங்களான சிட்டா, அடங்கல் நகல் எல்லாம் மொழிபெயர்ப்போடு இருந்தால் வருமானம் எங்கிருந்து வந்தது, திரும்பி வர ஊரில் என்ன இருக்கிறது என்பது இரண்டுமே தெரிந்துவிடும். ஆகவே விவசாயிகள் மாசி பங்குனி வாக்கில் விண்ணப்பிப்பதுதான் சரி. விசா கைக்கு வரும்வரை, ரத்து செய்தால் பணம் திரும்ப வரும் விமான டிக்கெட்டைத்தான் எடுக்க வேண்டும், கொஞ்சம் விலை கூடினாலும் பரவாயில்லை.

அங்கே வேன் வாடகைக்கு எடுப்பதில் எனக்கு அவ்வளவு விருப்பம் இல்லை. ஓட்டுபவரின் கிரெடிட் கார்டில் வைப்புத் தொகையாக ஒரு பெரிய தொகையை முடக்கிவிடுவார்கள். பாரிசில் இருந்து லே மானுக்கு அதிவேக ரயிலில் ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான், ஸ்டேஷனில் இருந்து ஓடுதளத்துக்கு டிராம் இருக்கிறது. அடுப்புக்கான காஸ் குப்பியை விமானத்தில் ஏற்ற விடமாட்டார்கள், அங்கேதான் வாங்க வேண்டும். ஜூன் என்றாலும் ராத்திரி நல்லா குளிரும், மழையும் பெய்யும், ஆகவே தூங்கும் பையில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். 2 லட்சத்தோடு ஆளுக்கு இன்னொரு 30,000 ஒதுக்கிக்கொள்ளுங்கள், யூரோ விலை ஏறினாலும் ஒரு ராத்திரி ஓட்டலில் தங்க வேண்டி வந்தாலும் கைகொடுக்கும்.

முதல் டிக்கெட் வாங்கும் முன்பே ஆறு பேரும் உட்கார்ந்து ஒன்றைப் பேசி எழுதிவிடுங்கள்: யாராவது விலகினால் என்ன. விசா மறுக்கப்பட்டால் கூடார இடத்தில் அவர் பங்கை மீதி ஐந்து பேரும் ஏற்பது, சொந்தக் காரணத்துக்காக விலகினால் அவரே ஏற்பது என்று வைக்கலாம் என்பது என் யோசனை. வயல் மூழ்கி ஒருவர் வர முடியாமல் போனால் அதை விசா மறுப்பு மாதிரியே நடத்துங்கள். எழுதியதை வாட்ஸ்அப் குழுவில் போட்டு ஆறு பேரிடமும் சரி என்று பதில் வாங்கிய பிறகு டிக்கெட்டைப் பாருங்கள்.